பொருளற்ற ஓவியம் என்று எழுதாதீர்கள்: ரஷ்ய அவாங்கார்ட் பற்றிய மாணவர் வரைவைத் திருத்துகிறவர்களுக்கு

கல்லூரி மலருக்கோ சிற்றிதழுக்கோ அனுப்ப, ரஷ்ய அவாங்கார்ட் (மரபை உடைத்த புதுமைக் கலை) ஓவியம் பற்றி 1,500 சொல்லில் ஒரு கட்டுரை எழுதி மாணவர் ஒருவர் உங்கள் கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தி அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"1917 புரட்சி ரஷ்யாவின் அரசியலை மட்டுமல்ல, கலையையும் புரட்டிப் போட்டது. புரட்சியின் குழந்தையாகப் பிறந்த அவாங்கார்ட் இயக்கத்தின் உச்சம் கசிமிர் மலேவிச்சின் கறுப்புச் சதுரம். கண்காட்சியில் சிவப்பு மூலையில் மாட்டப்பட்ட இந்தப் பொருளற்ற ஓவியம் உலகையே அதிர வைத்தது."

மூன்றே வாக்கியம். ஓட்டம் இருக்கிறது, வாய்விட்டு வாசித்தாலும் நன்றாகவே இருக்கிறது. பிழை நான்கு. கறுப்புச் சதுரம் 1915-இல் வரைந்தது. குழந்தை தாய்க்கு இரண்டு வருடம் மூத்தது. சிவப்பு மூலைக்கும் சிவப்புக்கும் சம்பந்தமில்லை. 'பொருளற்ற' என்ற சொல் மலேவிச் சொன்னதற்கு நேர் எதிரான அர்த்தத்தைத் தமிழ் வாசகருக்குக் கொடுக்கிறது. உலகம் அதிரவும் இல்லை. அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தது பெத்ரோகிராதில் ஒரு கூடத்துக்குள் வந்துபோன கூட்டம் மட்டுமே. ஓவியர் இறந்தபின் அது பல பத்தாண்டுகள் அருங்காட்சியகக் கிடங்கில் கிடந்தது.

இந்த நான்கில் ஒன்றுகூட மாணவருக்கு ஓவியம் புரியாததால் வந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று சொற்கள் இரண்டு ஆறு தாண்டி வந்திருக்கின்றன. தாண்டும்போது நனைந்துவிட்டன. இந்தப் பாடத்தில் வரைவு திருத்துகிறவருக்குப் பாதி வேலை சொற்களைப் பிழிந்து காயப்போடுவது. மீதிப் பாதி, மாணவரைத் திரும்பவும் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது. நடை, சந்தி, ஒற்றுப்பிழை எல்லாம் அதற்கப்புறம்.

முதல் வாசிப்பில் பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். கூகுள் டாக்ஸில் வந்திருந்தால் கருத்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். வாசித்து முடித்ததும் கட்டுரை என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் தனித்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அதுதான் உங்கள் முதல் குறிப்பு; மற்றது காத்திருக்கலாம். மேலே காட்டிய வரைவுக்கு அந்த ஒரு வாக்கியம் "புரட்சி அவாங்கார்டைப் பெற்றெடுத்தது, ஸ்டாலின் கொன்றார்" என்று வரும். மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு இதுதான். பிறப்பும் இறப்பும் உள்ள நேர்த்தியான கதை என்பதால் எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது. அதனாலேயே இதைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தட்டிப் பார்க்க ஒரே கருவி தேதி. மாணவரிடம் இரண்டு பத்தி உள்ள அட்டவணை ஒன்று கேளுங்கள்: கட்டுரையில் வரும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பக்கம், அது எங்கிருந்து கிடைத்தது என்பது மறுபக்கம். அதோடு நீங்கள் ஒரு சின்னப் பட்டியலைச் சேர்த்துக் கொடுக்கலாம். 1910-இல் மாஸ்கோவில் 'டைமண்ட் ஜாக்கி' கண்காட்சி (சீட்டுக்கட்டில் வரும் அதே ஜாக்கிதான்). 1912-இல் ஓவியர்கள் லரியோனவும் கஞ்சரோவாவும் முன்னின்று நடத்திய 'கழுதை வால்'. 1913 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்கின் லூனா பார்க் அரங்கில் 'சூரியன்மீது வெற்றி' இசை நாடகம். பாட்டு குருச்சோனிக், இசை மத்யூஷின், திரைச்சீலையும் உடையும் மலேவிச். 1915 டிசம்பரில் கறுப்புச் சதுரம் மாட்டப்பட்ட 0,10 கண்காட்சி. புரட்சி வருமுன்பே இவ்வளவும் நடந்துவிட்டது. லரியோனவும் கஞ்சரோவாவும் 1915-லேயே ரஷ்யாவை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு "புரட்சியின் குழந்தை" என்ற சொற்றொடரை நீங்கள் அடிக்க வேண்டியதில்லை. மாணவரே அடித்துவிடுவார்.

அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்தும் உண்டு: "அவாங்கார்டுக்கும் புரட்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை" என்று இரண்டாம் வரைவு வந்து நிற்கும். அதுவும் தப்பு. புரட்சி இந்த ஓவியர்களுக்குக் கொடுத்தது பதவி, பள்ளிக்கூடம், அச்சகம், சுவர். 1918-க்குப் பிறகு கல்வி மக்கள் ஆணையத்தின் நுண்கலைத் துறையில் இவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1920-இல் மாஸ்கோவில் வ்குத்தெமாஸ் என்ற கலை, தொழில்நுட்பப் பட்டறைப் பள்ளி தொடங்கியது. கலை எப்படி இருக்க வேண்டும் என்ற யோசனை முன்பே இருந்தது. கலையால் என்ன செய்யலாம் என்பதைத்தான் புரட்சி மாற்றியது. மாணவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கட்டுரைக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

தேதியில் இன்னொரு கண்ணிவெடி நாட்காட்டி. 1918 பிப்ரவரி வரை ரஷ்யாவில் பழைய நாட்காட்டி. அந்த வருடம் ஜனவரி 31-க்கு அடுத்த நாளே பிப்ரவரி 14 ஆகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் இடைவெளி 13 நாள். அக்டோபர் புரட்சி விழாவை நவம்பர் 7-இல் கொண்டாடியது இதனால்தான். டிசம்பர் கடைசியில் நடந்த ஒன்றுக்கு ஒரு புத்தகம் ஒரு வருடமும் மற்றொன்று அடுத்த வருடமும் போட்டிருந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். நாள் வரைக்கும் போகிற மாணவர் எந்த நாட்காட்டி என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாதம், வருடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊர்ப் பெயரும் இப்படித்தான். 1914 வரை பீட்டர்ஸ்பர்க், அதன்பின் பெத்ரோகிராத், 1924-இலிருந்து லெனின்கிராத், 1991-இல் மறுபடி பீட்டர்ஸ்பர்க். "1915-இல் லெனின்கிராதில்" என்று ஒரு வரி இருந்தால் வாசகர் கட்டுரையின் மற்றத் தகவலையும் நம்பமாட்டார்.

கண்காட்சியின் பெயரே ஒரு சோதனை. 0,10 என்பதை மாணவர்கள் புள்ளி வைத்து 0.10 என்று எழுதி, 'பத்தில் ஒன்று' என்று விளக்கமும் கொடுத்துவிடுகிறார்கள். ரஷ்ய மொழியில் தசமத்துக்குக் காற்புள்ளிதான் என்பதால் அந்தக் குழப்பம் மூலத்திலேயே இருக்கிறது. ஆனால் சுவரொட்டியிலேயே பக்கத்தில் 'பூஜ்யம்–பத்து' என்று எழுத்தால் எழுதியிருந்தது. முதலில் பத்துப் பேர் கலந்துகொள்வதாகத் திட்டம், கடைசியில் பதினான்கு பேர் ஆனார்கள். பூஜ்யம் என்பது பழைய வடிவங்களையெல்லாம் சைபராக்கிவிட்டுத் தொடங்குவது.

இனி சொற்களுக்கு வருவோம். இங்கேதான் தமிழில் எழுதுகிறவருக்கென்றே தனியாகச் சில குழிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் இவற்றில் பலவற்றில் விழ வாய்ப்பில்லை.

'பொருளற்ற ஓவியம்.' மலேவிச் தன் ஓவியத்துக்குப் பயன்படுத்திய ரஷ்யச் சொல் பெஸ்ப்ரெத்மேத்னி. ப்ரெத்மேத் என்றால் மேசை, குடம், மரம் மாதிரி கண்ணுக்கு முன் நிற்கும் பண்டம். அந்தப் பண்டங்களின் சாயல் ஏதுமில்லாத ஓவியம் என்பதுதான் அவர் சொன்னது. தமிழில் 'பொருள்' என்ற சொல் பண்டத்துக்கும் அர்த்தத்துக்கும் செல்வத்துக்கும் பொது. 'பொருளற்ற' என்றதும் 'அர்த்தமற்ற' என்றுதான் யாருக்கும் காதில் விழும். ஓவியத்துக்கு அர்த்தமே இல்லை என்று ஓவியரே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. 'பருப்பொருள் சாராத ஓவியம்' என்று எழுதச் சொல்லலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் வழுக்காது. 'அரூப ஓவியம்' என்ற வழக்கமான சொல்லும் இங்கே உட்காராது. அரூபம் என்றால் உருவமில்லாதது. சதுரத்தைவிடக் கறாரான உருவம் எது? நவீன ஓவியம் பற்றிப் பொதுவாகப் பேசும்போது அரூபம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், மலேவிச்சிடம் மட்டும் வேண்டாம்.

'சிவப்பு மூலை.' ரஷ்ய வீடுகளில் புனிதர் படங்கள் வைக்கும் மூலைக்கு க்ராஸ்னி ஊகல் என்று பெயர். க்ராஸ்னி இன்றைக்குச் சிவப்பு. பழைய ரஷ்ய மொழியில் அழகு. அழகான மூலை, வீட்டின் சிறந்த மூலை. நம் வீட்டில் சாமி மாடம் மாதிரி. மலேவிச் கறுப்புச் சதுரத்தை இரண்டு சுவர் சேரும் இடத்தில், கூரையை ஒட்டி, அந்தப் புனிதர் படத்தின் இடத்தில் மாட்டினார். 0,10 கண்காட்சியின் ஒளிப்படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. 'சிவப்பு மூலை' என்று நேராகப் பெயர்த்ததும் அடுத்த வரியிலேயே பொதுவுடைமைக் கொடி பறக்கத் தொடங்கிவிடும். 1920-களில் சோவியத் ஆலைகளிலும் விடுதிகளிலும் நிஜமாகவே பிரச்சார மூலைகளுக்கு இதே பெயர் வைத்தார்கள். மாணவர் தேடும்போது அந்தப் படங்களும் வந்து நிற்கும், சந்தேகமே வராது. ஆகவே "இது தவறு" என்று மட்டும் எழுதாமல் தவறு எங்கே முளைத்தது என்றும் எழுதுங்கள்.

இதன் தம்பிதான் 'செஞ்சதுக்கம்'. மலேவிச் 1915-இல் வரைந்த சிவப்பு நாற்கரம் ஒன்று பீட்டர்ஸ்பர்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கும் மாஸ்கோவின் மைதானத்துக்கும் ஒரே பெயர். ரஷ்ய மொழியில் ஒன்று க்வத்ராத், மற்றது ப்ளோஷத். தமிழிலும் ஒன்று சதுரம், மற்றது சதுக்கம். தமிழில் இவ்வளவு துல்லியமான வசதி இருந்தும் ஆங்கிலத்தின் குழப்பத்தை நாம் கடன் வாங்குகிறோம். "மலேவிச்சின் செஞ்சதுக்கம்" என்ற வரியைப் பார்த்தால் சிரித்துவிட்டு வட்டம் போடுங்கள். அந்தப் படத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு: 'இரு பரிமாணத்தில் ஒரு குடியானவப் பெண்ணின் ஓவிய யதார்த்தம்'. அந்தப் பெயரைக் கட்டுரையில் சேர்க்கச் சொல்லலாம். வாசகர் நின்று யோசிப்பார்.

அப்புறம் எல் லிசீத்ஸ்கியின் புகழ்பெற்ற சுவரொட்டி. வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு முக்கோணம் குத்தி நுழையும். மாணவர் தலைப்பை "வெள்ளையர்களைச் சிவப்பு ஆப்பால் அடி" என்று பெயர்த்திருப்பார். தமிழ் வாசகருக்கு வெள்ளையர் என்றால் கட்டபொம்மன் எதிர்த்த வெள்ளையர்தான். இங்கே வெள்ளையர் என்பது உள்நாட்டுப் போரில் செம்படைக்கு எதிரே நின்ற வெண்படை. 'வெண்படையைச் சிவப்பு ஆப்பால் அடி' என்று ஒரு சொல்லை மாற்றினால் போதும், சுவரொட்டியின் வெள்ளை எதைக் குறிக்கிறது என்பதும் சேர்ந்து விளங்கிவிடும். 'ஆப்பு' மட்டும் அப்படியே இருக்கட்டும். அருமையான சொல்.

கலையைக் கட்டுமானமாகப் பார்த்த கன்ஸ்ட்ரக்டிவிசம் என்ற இயக்கத்துக்கு 'அமைப்பியல்' என்று போட்டிருந்தால் கட்டாயம் நிறுத்துங்கள். தமிழில் அமைப்பியல் என்பது மொழியியலிலிருந்து இலக்கியத் திறனாய்வுக்கு வந்த வேறொரு சரக்கு. சிற்றிதழ் வாசகர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மொழியியலாளர் சசூரைத் தேடுவார். 'கட்டுமானவாதம்' என்று எழுதலாம், அல்லது கன்ஸ்ட்ரக்டிவிசம் என்றே விட்டுவிடலாம். மலேவிச் தன் ஓவிய முறைக்கு வைத்த பெயரான சுப்ரமாட்டிசத்தை மொழிபெயர்க்க முயலவே வேண்டாம். 'மேலாதிக்கவாதம்' என்று ஒரு வரைவில் வந்துவிட்டால் கட்டுரை இனவெறி பற்றியது என்று ஆகிவிடும்.

பெயர்கள் பற்றி ஒரு பத்தி போதும். ஒரே வரைவில் மாலெவிச், மலேவிச், மேல்விச் மூன்றும் இருக்கும். ரஷ்ய உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில் விழுகிறது, ஆகவே மலேவிச். ரஷ்ய மொழியின் 'த' பல்லில் படும் ஒலி. டாட்லினைவிடத் தாத்லின் பொருத்தம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகளில் தல்ஸ்தோய், தஸ்தயேவ்ஸ்கி என்றே பழகிய வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது புதிதில்லை. எந்த வடிவமானாலும் ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சொல் காய்ந்தது. இனிக் கண்.

வரைவில் படத்தைப் பற்றிய வாக்கியங்களை மட்டும் மஞ்சள் அடித்துப் பாருங்கள். 1,500 சொல்லில் நாற்பது சொல்கூடத் தேறாது. தேறியதும் 'ஆழமான', 'மர்மமான', 'பிரமிக்க வைக்கும்' என்ற வகையாக இருக்கும். ஓவியர் வாழ்க்கை, அரசியல், இசங்கள் எல்லாம் உண்டு, படம் மட்டும் இல்லை. இதற்கு நான் நம்பும் மருந்து ஒன்று: படத்தைப் பெரிதாகத் திரையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பார்த்துவிட்டு, உரிச்சொல் இல்லாமல் எட்டு வாக்கியம் எழுத வேண்டும். கறுப்புச் சதுரம் என்றால் எட்டு வாக்கியத்துக்கு என்ன இருக்கிறது என்று மாணவர் கேட்பார். கேட்கட்டும். மாதிரிக்கு ஒரே ஒரு பத்தியை நீங்கள் எழுதிக் காட்டலாம்:

"ஒரு பக்கம் 79.5 செ.மீ. உள்ள கித்தான். நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை. கறுப்பின் ஓரங்கள் கித்தானின் ஓரங்களுக்குச் சரியான இணைகோடாக இல்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தால் இது சதுரமே இல்லை. வெள்ளையில் தூரிகை போன தடம் தெரிகிறது. கறுப்பு முழுக்க விரிசல், கோடையில் வற்றிய கண்மாயின் வண்டல்போல. விரிசலுக்குள் கறுப்பு அல்லாத நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன."

இந்தப் பத்தியை எழுதியதும் கேள்விகள் தானாக வரிசைகட்டும். சதுரமே இல்லையென்றால் ஏன் அந்தப் பெயர்? 0,10 கண்காட்சியின் பட்டியலில் அதன் பெயர் சதுரம் அல்ல, நாற்கரம். ஏன் விரிசல்? அடியில் இருந்த வண்ணம் முழுக்கக் காயுமுன் மேலே கறுப்பைப் பூசியதால். அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து சுருங்கும்போது மேலடுக்கு பிளந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் எவருக்கும் நடப்பதுதான். உள்ளே தெரியும் நிறம் எது? 2015-இல் மாஸ்கோவின் திரெத்தியாகவ் கலைக்கூடம் ஊடுகதிர் ஆய்வு செய்து, கறுப்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வண்ணக் கோலங்கள் இருப்பதாக அறிவித்தது. ஆக, வெறும் கித்தானில் பூஜ்யத்திலிருந்து பிறந்த படம் இல்லை. வேறு படங்களை மூடி எழுந்த படம். "பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்" என்று மாணவர் எழுதிய வரி பொய்யாகிவிடவில்லை, ஆனால் இனி அதை அவ்வளவு லேசாக எழுத முடியாது. கட்டுரையின் சுவையான இடம் இதுதான், மூன்று பத்தி கேட்டாலும் கொடுக்கலாம்.

அதே 2015 ஆய்வில் வெள்ளை ஓரத்தில் ஓர் எழுத்துத் தடமும் கிடைத்தது. பிரெஞ்சு நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அலே 1897-இல் முழுக் கறுப்பாக ஒரு செவ்வகத்தை அச்சிட்டு, கறுப்பின மக்களை இழிவாகச் சுட்டும் ஒரு தலைப்பைக் கேலியாக வைத்திருந்தார்; அந்தத் தடம் அதைக் குறிப்பதாகக் கலைக்கூட ஆய்வாளர்கள் வாசித்தார்கள். எழுதியது மலேவிச்தானா, பிறகு வேறு யாராவதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒப்புதல் இல்லை. மாணவர் இதைப் படித்த வேகத்தில் "கறுப்புச் சதுரம் ஒரு கேலிச்சித்திரம் என்பது நிரூபணமாகிவிட்டது" என்று எழுதிவிடுவார். ஓரத்தில் நீங்கள் எழுத வேண்டிய குறிப்பு: "கிடைத்தது என்ன, அதை இப்படி வாசித்தது யார், அதிலிருந்து நீங்கள் முடிவுகட்டியது எது? மூன்றையும் மூன்று வாக்கியமாகப் பிரியுங்கள்." பிரித்ததும் 'நிரூபணம்' தானாக உதிர்ந்துவிடும்.

அடுத்து, படம் எந்தப் படம் என்று பாருங்கள். மலேவிச் கறுப்புச் சதுரத்தை நான்கு முறை வரைந்தார். 1915-இல் வரைந்ததும் 1929-இல் வரைந்ததும் திரெத்தியாகவில் இருக்கின்றன, 1923 வாக்கில் வரைந்த பெரியது ரஷ்ய அருங்காட்சியகத்தில், கடைசியாக வரைந்த சிறியது பீட்டர்ஸ்பர்கின் எர்மித்தாஷ் அருங்காட்சியகத்தில். இணையத்தில் தேடினால் நான்கும் கலந்து வரும். விரிசலைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டுப் பக்கத்தில் விரிசலில்லாத 1929 படத்தைப் போட்டிருப்பார்கள். கித்தானின் பின்புறம் மலேவிச் 1913 என்று எழுதியதும் ஒரு குழப்பம். நாடகத் திரைச்சீலைக்குப் போட்ட கோலத்திலிருந்தே சதுரம் பிறந்தது என்று அவர் கணக்கு வைத்துக்கொண்டார். ஓவியர் எழுதிய தேதியும் ஓவியத்தின் தேதியும் வேறாக இருக்கலாம் என்பதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தாத்லினின் கோபுரத்தில் வழக்கமாக வரும் பிழை ஒரு வினைச்சொல்: 'கட்டினார்'. கட்டவே இல்லை. மூன்றாம் அகிலத்தின் (உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) நினைவுச் சின்னமாக 400 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்டார். 1920-இல் பெத்ரோகிராதிலும் பிறகு மாஸ்கோவிலும் காட்சிக்கு வைத்தது மரத்தில் செய்த மாதிரி. அந்த மாதிரியும் இப்போது இல்லை. அருங்காட்சியகங்களில் இருப்பவை ஒளிப்படங்களைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்தவை. இதை எழுதும் மாணவர், உள்ளே தொங்கும் அறைகள் சுழலும் வேகத்தைச் சொன்னால் போதும்: அடியில் உள்ளது வருடத்துக்கு ஒரு சுற்று, அதற்கு மேலே மாதத்துக்கு ஒன்று, அதற்கும் மேலே நாளுக்கு ஒன்று. அடைமொழியே தேவைப்படாது.

பெண் ஓவியர்கள் பற்றிய பத்தி இப்போதெல்லாம் எல்லா வரைவிலும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது "ரோத்சென்கோவின் மனைவி ஸ்தெபானவா" என்று தொடங்கி, "பெண்கள் மறக்கப்பட்டார்கள்" என்று முடியும். நடுவில் அவர்கள் செய்த வேலை இருக்காது. 1921-இல் மாஸ்கோவில் 5×5=25 கண்காட்சி; ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து படம். பொபோவா, ஸ்தெபானவா, எக்ஸ்டெர், ரோத்சென்கோ, வெஸ்னின். ஐவரில் மூவர் பெண்கள். 1923, 24-இல் பொபோவாவும் ஸ்தெபானவாவும் மாஸ்கோவின் அரசு பருத்தி அச்சு ஆலைக்குப் போய்த் துணிக்குக் கோலம் போட்டார்கள். பூவும் கொடியும் போய் வட்டமும் பட்டையும் வந்தன. 'கலை வாழ்க்கைக்குள் போக வேண்டும்' என்ற முழக்கத்தைக் கடைத்துணியாக்கியவர்கள் இவர்கள்தான். பொபோவா 1924-இல் செம்புள்ளிக் காய்ச்சலில் இறந்துபோனார். "மறக்கப்பட்டார்கள்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொல்லுங்கள்.

'ரஷ்ய' என்ற அடைமொழியையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். மலேவிச் கீவ் பக்கம் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். எக்ஸ்டெருக்குக் கீவ்தான் களம். ஷகால் வீத்தெப்ஸ்க்காரர், அது இன்று பெலாரஸ். க்ளூத்சிஸ் லாத்வியர். உக்ரைன் போருக்குப் பின் அருங்காட்சியகங்கள் பெயர்ப்பலகையையே மாற்றத் தொடங்கியிருக்கின்றன. மாணவர் இந்த வழக்கில் தீர்ப்பு எழுத வேண்டாம். 'ரஷ்யப் பேரரசிலும் பிறகு சோவியத் நாட்டிலும் இயங்கிய' என்று முதல் பத்தியில் ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் வழக்கமான பெயரையே பயன்படுத்தலாம். 'ரஷ்ய அவாங்கார்ட்' என்பதும் அவர்களே வைத்துக்கொண்ட பெயர் இல்லை. எதிர்காலவாதிகள், இடதுசாரி ஓவியர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது 1960-களில்.

முடிவுப் பத்திக்கு வந்தால் "1932-இல் ஸ்டாலின் தடை செய்தார், ஓவியர்கள் கொல்லப்பட்டனர்" என்று இருக்கும். 1932 ஏப்ரல் ஆணை செய்தது கலைக் குழுக்களைக் கலைத்து ஒரே சங்கத்தின் கீழ் கொண்டுவந்தது. நெருக்கடி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது: வ்குத்தெமாஸின் வாரிசான பள்ளி 1930-இல் மூடப்பட்டது, அதே வருடம் மலேவிச் கைதாகி விடுதலையானார். க்ளூத்சிஸை 1938-இல் சுட்டுக் கொன்றார்கள். மலேவிச் 1935-இல் புற்றுநோயில் இறந்தார். தாத்லின் 1953 வரையும் ரோத்சென்கோ 1956 வரையும் இருந்தார்கள். எல்லோரையும் ஒரே குழியில் போட்டு மூடுவது, கொல்லப்பட்டவருக்கும் நியாயமில்லை, இருபது வருடம் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தவருக்கும் நியாயமில்லை. ஓவியருக்கு ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். மலேவிச் கடைசிக் காலத்தில் மறுபடி மனித உருவங்கள் வரைந்தார். அவற்றில் சிலவற்றின் ஓரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் குட்டியாக ஒரு கறுப்புச் சதுரம். கட்டுரைக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் அந்த ஓரத்தில் கிடக்கிறது.

படங்களைச் சேர்க்கும் வேலையை மாணவர்கள் கடைசி இரவுக்கு விட்டுவிடுவார்கள். இந்தப் பாடத்தில் அது ஆபத்து, ஏனென்றால் இங்கே போலிகள் ஏராளம். ஆவணங்கள் பல காலம் பூட்டிக் கிடந்தன. வெளிநாட்டில் விலை ஏறியது. 'தனியார் சேகரிப்பு' என்ற பெயரில் எங்கிருந்தோ படங்கள் முளைத்தன. 2018-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர அருங்காட்சியகம் கடன் வாங்கி மாட்டிய படங்களை, நிபுணர்கள் சந்தேகம் எழுப்பியதும் இறக்க வேண்டியதாயிற்று. 2020-இல் கொலோனின் லுட்விக் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த போலிகளையே அசலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. மாணவருக்கு விதி எளிது: பொது அருங்காட்சியகத்தின் தளத்தில் உள்ள படம் மட்டும். ஏலத் தளம் வேண்டாம், பின்டரஸ்ட் வேண்டவே வேண்டாம்.

உரிமையும் பாருங்கள். இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு, இலங்கையிலும் ஐரோப்பாவிலும் 70. மலேவிச், பொபோவா, லிசீத்ஸ்கிக்கு இங்கெல்லாம் சிக்கலில்லை. 1956-இல் இறந்த ரோத்சென்கோவுக்கு இந்தியாவில் முடிந்துவிட்டது. 70 ஆண்டு நாடுகளில் 2026 இறுதிவரை உண்டு. ஷகால் 1985, ஆகவே தொடாமல் இருப்பது நல்லது. இணைப்பு கொடுத்துவிட்டுப் போகலாம்.

இவ்வளவையும் மாணவரிடம் ஒரே நாளில் கொட்டினால் அவர் அடுத்த கட்டுரை எழுதமாட்டார். திருப்பிக் கொடுக்கும் தாளில் மூன்று பெரிய குறிப்புக்கு மேல் வேண்டாம். மேலே காட்டிய வரைவுக்கு என்றால்: ஒன்று, தேதி அட்டவணை. இரண்டு, ஒரு படத்தைத் தேர்ந்து 200 சொல் வர்ணனை. அதற்கு இடம் வேண்டுமானால் ஓவியர் பிறப்பு வளர்ப்பை வெட்டலாம். மூன்று, பொருளற்ற, சிவப்பு மூலை, வெள்ளையர் ஆகிய மூன்று சொற்களுக்கு மாற்று. மற்றது ஓரத்தில், மூன்றே அடையாளத்தில்: தகவல் தப்பென்றால் வட்டம், சான்று வேண்டுமென்றால் கேள்விக்குறி, நடை இடறினால் அலைக்கோடு. அலைக்கோட்டுக்கு விளக்கம் எழுத வேண்டாம். பாதி இடங்களை அவரே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுவார். வட்டத்துக்கு மட்டும் கட்டாயம் காரணம் எழுதுங்கள்.

வாக்கியத்தை நீங்களே திருத்தி எழுதிக் கொடுக்கும் ஆசையை அடக்குவதுதான் கடினம். கூகுள் டாக்ஸில் பரிந்துரை முறையைத் திறந்தால் விரல் சும்மா இருக்காது. மாணவர் வந்து 'ஏற்றுக்கொள்' என்று வரிசையாக அழுத்திக்கொண்டே போவார், கட்டுரை உங்களுடையதாகிவிடும். கருத்துப் பெட்டியில் கேள்வியாகவே எழுதுங்கள்: "இந்தப் படத்தை 1915-இல் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?" 'உலகையே அதிர வைத்தது' அடுத்த வரைவில் இருக்காது.

இரண்டாம் வரைவு வரும்போது முதலில் படக்குறிப்பைப் பாருங்கள். 'கசிமிர் மலேவிச், கறுப்புச் சதுரம், 1915, கித்தானில் எண்ணெய் வண்ணம், 79.5 × 79.5 செ.மீ., திரெத்தியாகவ் கலைக்கூடம், மாஸ்கோ.' இவற்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பலாம். அநேகமாகக் குறைவது அளவுதான். கைப்பேசித் திரையில் தபால்தலை அளவுக்குத் தெரிகிற ஒன்று, சுவரில் மாட்டினால் கிட்டத்தட்ட ஒரு சன்னல் அளவு என்பது அந்த எண்ணைப் போட்டால்தான் வாசகருக்குத் தெரியும்.